கதவுக்குள்ளே சகோதரர்!

எச்சமயத்தாராயினும் எம் மன்றம் புகுந்தோர் உடன்பிறந்தாரே என்பது பிரீமேசன் சங்கத்தாரின் பேச்சு. பேச்சு இனிது, செயல்?

1770-களில் திருச்சிராப்பள்ளியில், ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா அச்சங்கத்தில் சேர்ந்தார். இலண்டன் தலைமைச் சங்கம் மகிழ்ந்தது, வாழ்த்துரைத்தது, கொத்தர்க்குரிய அடையாள ஆடையும் அனுப்பியது.

1795-ல் அவர் நவாபானார். 1801 ஜூலையில் மறைந்தார். திப்புவோடு கூடிச் சதி செய்தார் என்று பழி சுமத்தியது கம்பெனி. அவருடைய மகனை ஒதுக்கிற்று. இசைந்து கையொப்பமிட்ட உறவினருக்கு வெறும் பட்டம் தந்து, கர்நாடக ஆட்சியைத் தனதாக்கிற்று.

முடியிழந்த குடும்பத்துக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை, தோழர்களே! இளவரசனுக்கே கதவுக்கு வெளியே கிட்டாத சகோதரத்துவம், கப்பல் சரக்கை அலைகடந்து கரைசேர்த்த இராயபுரத்துப் படகோட்டிக்குக் கிட்டியிருக்குமா? மன்றத்தில் பேசும் சமத்துவத்தைத் தெருவில் உரைத்துப் பாருங்கள். பொன்னா, பித்தளையா என்பது அங்கேதான் விளங்கும்!