கண்ணாடியின் குணமா, கலந்திருந்த இரும்பா?

1960களின் தொடக்கத்தில், கண்ணாடி இழை வழியாகத் தொலைபேசிப் பேச்சை அனுப்பலாம் என்று சொன்னால் பெரும்பாலான பொறியாளர்கள் நம்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அன்றைய இழைகளில் ஒளி இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 டெசிபல். அதாவது 20 மீட்டர் போனாலே, செலுத்திய ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இழைக்குள் ஒளியைக் கொண்டுபோவது அப்போது புதிதல்ல. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தினார். அந்த ஆய்வு 1954இல் 'நேச்சர்' இதழில் வந்தது. உடலுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்புக்கு அது உதவியது. ஊர்விட்டு ஊர் பேசுவதற்குப் போதவில்லை.

இங்கேதான் சார்லஸ் காவ் வருகிறார். 1933இல் ஷாங்காயில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் பிறந்தவர். வறுமையிலிருந்து எழுந்தவர் என்று கதை கட்டத் தேவையில்லை. லண்டனில் வூல்விச் பாலிடெக்னிக்கில் படித்து, ஹார்லோவில் இருந்த ஒரு தொலைத்தொடர்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தார். எல்லாரும் "எவ்வளவு ஒளி போகிறது?" என்று அளந்தபோது, அவர் "எதனால் போகிறது?" என்று கேட்டார்.

1966இல் அவரும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதிய கட்டுரையின் விடை இதுதான்: இழப்பின் பெரும்பகுதி கண்ணாடியின் இயல்பு அல்ல, அதில் கலந்திருந்த இரும்பு போன்ற அயல் அணுக்களின் வேலை. அவற்றை நீக்கி, இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவந்தால் தொலைத்தொடர்பு சாத்தியம். பிறகு காவ் கண்ணாடி தயாரிப்பாளர்களையும் ஆய்வகங்களையும் தேடித் தேடிப் போய்ப் பேசினார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் அந்த எல்லையைத் தாண்டிய இழையைச் செய்து காட்டினார்கள்.

அதே 1970இல் காவ் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சீன மொழியில் உயர்கல்வி தருவதற்காக 1963இல் உருவான பல்கலைக்கழகம் அது. அப்போது பிரிட்டிஷ் காலனியான ஹாங்காங்கில் ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி. சீன மொழிக்கு அந்த இடம் 1974இல்தான் கிடைத்தது. அங்கே மின்னணுவியல் துறையை அடியிலிருந்து கட்டினார். இடையில் தொழில்துறைக்குப் போய், 1987 முதல் 1996 வரை அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஆய்வுக்கட்டுரையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தப் பணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு ஓர் ஆளோடு நின்றுபோகாமல் இருக்க, அதைக் கற்றுக்கொள்ள ஒரு வகுப்பறை வேண்டும்.

2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி காவுக்குக் கிடைத்தது. அல்சைமர் நோயால் அவரால் உரையாற்ற முடியவில்லை. மனைவி க்வென் ஆற்றினார். ஹாக்கமுக்கும் கபானிக்கும் பரிசில் இடமில்லை. அந்தப் பாதிப் பரிசில் ஒரு பெயர்தான் இருக்கிறது. வரலாறு படிக்கிற நாம் மற்ற பெயர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படிக்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "இதன் இயல்பே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், காவ் செய்ததைச் செய்யுங்கள். இயல்பு எது, கலந்தது எது என்று பிரித்து அளந்து பாருங்கள்.