சம்பளம் யாருக்குச் சொந்தம்?



வேலைக்குப் போன பிள்ளை பெற்றோருடனே இருக்கலாமா, தனிக்குடித்தனம் போகலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகத்தானே இருந்தோம்" என்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன்.

குடும்பச் செலவில் படித்து ஐ.சி.எஸ். அதிகாரியானவர் ஒருவர். அவருடைய சம்பாத்தியம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை, கூட்டுக் குடும்பத்தின் பொதுச் சொத்து என்று 1921-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கோகல் சந்த் வழக்கு என்பார்கள். படிக்க வைத்த பணம் குடும்பத்துடையது, அதுதான் காரணம்.

இந்த நிலையை மாற்ற நம் சென்னையில் பாஷ்யம் ஐயங்கார் அதற்கு வெகு முன்பே ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. கடைசியில் எம்.ஆர். ஜெயகர் முயற்சியால் 1930-இல் சட்டம் வந்தது. யார் செலவில் படித்திருந்தாலும் படிப்பால் வரும் வருமானம் படித்தவனுக்கே. (மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் அன்று பங்கே கிடையாது, அது தனிக்கதை.)

அந்தச் சட்டம் யாரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருங்கள், தாராளமாக. ஆனால் "படிக்க வைத்தது யார்?" என்று கேட்டு மகனுடைய, மகளுடைய ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் அப்பாக்கள், என் பழைய மாணவர்களிலும் சிலர் உண்டு, 1921-இலேயே நிற்கிறார்கள். வீட்டுச் செலவுக்கு இவ்வளவு கொடு என்று கேட்டு வாங்குவதில் என்னப்பா குறைச்சல்?