பூட்டிய அறையிலிருந்து வந்த சிகிச்சை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

1961ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 'இன்ஸ்டிடியூட் ஒஃப் லிவிங்' என்ற உளநல வைத்தியசாலையில் 17 வயது மாணவி ஒருவர் அனுமதிக்கப்பட்டார். பெயர் மார்ஷா லினஹான். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை அவரால் நிறுத்த முடியவில்லை. வைத்தியர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். மருந்து, மின்னதிர்ச்சி, பூட்டிய தனியறை என்று எல்லாம் நடந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. 26 மாதங்களின் பின்னரே வெளியே வந்தார்.

தனக்கு இருந்தது 'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு' என்று பிற்காலத்தில் அவரே கருதினார். இந்நோய் உள்ளவர்களின் மனம் சின்னச் சொல்லுக்கும் கொதித்துவிடும். ஆறுவதற்கு நெடுநேரம் எடுக்கும். எல்லோரும் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் ஓயாது. எங்கள் ஊர்களில் இதற்கு 'நடிப்பு', 'பிடிவாதம்' என்றுதான் பெயர். அன்றைய அமெரிக்க வைத்தியர்கள் பலரும் இவர்களை ஏமாற்றுக்காரர்களாக, திருத்த முடியாதவர்களாகத்தான் பார்த்தார்கள். பட்டம் படித்தவர்களும்தான்!

லினஹான் உளவியல் படித்து, 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு சியாட்டிலில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மற்றவர்கள் பொறுப்பெடுக்கத் தயங்கிய நோயாளிகளையே தேடி எடுத்தார். முதலில் 'இந்தப் பழக்கத்தை மாற்றுவோம்' என்று தொடங்கினார். 'அப்படியென்றால் பிழை என்னில்தானா?' என்று அவர்கள் கொதித்தார்கள். சரி, மாற்றம் வேண்டாம், உங்கள் வேதனையை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். 'அப்போ நான் இப்படியே கிடக்கவா?' என்று அதற்கும் உடைந்தார்கள். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பது அங்கேதான் புரிந்தது: உன் வேதனை நியாயமானது, ஆனாலும் நீ மாறத்தான் வேண்டும். எதிரெதிரான இரண்டு உண்மைகளையும் கைவிடாமல் பிடித்திருப்பதால்தான் அதற்கு 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்று பெயர்.

ஆசிரியையான எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் வகுப்பு. தனிச் சந்திப்பு ஒரு பக்கம் இருக்க, வாரந்தோறும் குழுவாக அமர்ந்து பாடம் படிக்கிறார்கள். மனதைக் கவனித்தல், துன்பத்தைத் தாங்குதல், உணர்ச்சியைச் சமாளித்தல், உறவை முறிக்காமல் கேட்டுப் பெறுதல் ஆகிய நான்கும்தான் பாடங்கள். வீட்டுவேலையும் உண்டு! நெருக்கடியில் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

1991இல் முதற் பரிசோதனை முடிவு வெளியானது. ஒரு வருடச் சிகிச்சையில் தற்காயங்கள் குறைந்தன, வைத்தியசாலையில் கிடந்த நாட்களும் குறைந்தன. ஆனால் மனச்சோர்வில் மற்றச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் பெரிய வித்தியாசம் இல்லை. உயிரோடு வைத்திருந்தது, அதுவே அப்போது பெரிய விஷயம்.

இவ்வளவுக்கும் அவர் தன் கதையை வெளியே சொல்லவில்லை. கைகளில் இருந்த தழும்புகளைப் பார்த்த ஒரு நோயாளி, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டாராம். 2011இல், 68 வயதில், அதே ஹார்ட்ஃபோர்ட் வைத்தியசாலைக்குத் திரும்பிப் போய், கூடியிருந்தவர்கள் முன்னால் ஆம் என்றார்.