மாதம் ஒரு சாமான்: நம் வீடுகளுக்கு ஸ்டீரியோ வந்த கதை

இப்போது உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரில்கூட ‘ஸ்டீரியோ’ என்று அச்சடித்து விற்கிறார்கள். நம் தலைமுறைக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபமாகக் கைக்கு எட்டவில்லை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குள் ஸ்டீரியோ நுழைந்தது என்றால், பல வீடுகளில் அது அட்டைப்பெட்டியோடு கடையிலிருந்து வந்ததல்ல. மாதம் ஒரு சாமானாக வந்து சேர்ந்தது. கம்பெனிகளின் சரித்திரத்தில் அந்தக் கதைக்கு இடமில்லை. ஆகவே, பார்த்தவர்கள் நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

ஸ்டீரியோ என்பது புதிய சங்கதி அல்ல. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த ஆலன் ப்ளூம்லைன் என்ற பொறியாளர் 1931-லேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். நமக்கு இரண்டு காது இருப்பதுபோல ஓசையையும் இரண்டு வழியாகப் பதிந்து, இரண்டு வழியாகவே கேட்க வைப்பதுதான் அதன் சாரம். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் மேலைநாட்டுக் கடைகளுக்குப் பரவலாக வந்தது 1957, 58 வாக்கில்தான். நம் ஊர் நடுத்தர வீட்டை எட்ட இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

காரணம் எளிது. ஸ்டீரியோவில் எல்லாமே இரண்டு வேண்டும்: இரண்டு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், இரண்டு பெட்டி. ஒன்று வாங்கவே யோசிக்கும் வீட்டில் இரண்டுக்கு எங்கே போவது? வெளிநாட்டு செட் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு. மீறி வந்தால் சுங்க வரி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் தோளில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னை ஊரே கூடிப் பார்த்தது. சென்னை பர்மா பஜாரில் ஜப்பான் செட்டுகள் அடுக்கியிருக்கும். விலை கேட்டுவிட்டு, இரண்டு கேசட் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனை பேர்!

அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் ‘அசெம்பிள்ட் செட்’. சென்னையில் அதற்குத் தலைநகரம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. சம்பளம் வாங்கிய வாரத்தில், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு அந்தக் கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். இந்த மாதம் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். அடுத்த மாதம் டயோடும் பெரிய கன்டென்சரும். அதற்கடுத்த மாதம் ‘டிபிஏ 810’ என்ற ஐ.சி. இரண்டு, ஒரு காதுக்கு ஒன்றாக. ஒன்று அதிகபட்சம் 7 வாட் கொடுக்கும். இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஒரு வாட்டே தாராளம். இரண்டு வாட் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். கன்டென்சரில் மிச்சம் பிடித்தால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று கரண்டின் முனகல் கேட்கும். எதில் சிக்கனம் கூடாது என்பதை அந்தத் தெருக் கடைக்காரர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பாட்டு எதிலிருந்து வரும்? இங்கேதான் கேசட் கைகொடுத்தது. 1963-ல் ஃபிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்டில் ஒரு நுட்பம் உண்டு. நாலு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள அந்த நாடாவில் இடது, வலது ஓசைகளை ஒட்டி ஒட்டிப் பதிந்திருப்பார்கள். மோனோ டேப்பின் ‘ஹெட்’ இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். அதாவது, மோனோ டேப் வைத்திருந்த வீட்டிலும் ஸ்டீரியோ கேசட் ஓடிக்கொண்டுதான் இருந்தது; பிரித்துக் கேட்க வழி இல்லை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட மெக்கானிக்குகள் பழைய மோனோ டேப்பைத் திறந்து, ஹெட்டை மட்டும் கழற்றி ஸ்டீரியோ ஹெட் மாட்டி, இரண்டு ப்ரீ-ஆம்ப்ளிஃபயரில் இணைத்துவிடுவார்கள். பிறகு ஹெட்டின் ஓரத்துச் சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஜல்ஜல் என்ற மேல் ஓசை தெளிந்ததும் நிறுத்துவார்கள். புது டேப் வாங்கும் செலவே இல்லை.

அடுத்தது ஸ்பீக்கர். வெறும் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தால் பாட்டு தகர டப்பாவில் தட்டியதுபோல் இருக்கும். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் தபேலாவின் ‘தும்’ காணாமல் போகும். முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு பெட்டி வேண்டும். தச்சரிடம் பிளைவுட்டில் செய்யச் சொன்னால் கூலி ஒருபுறம், மரம் ஒருபுறம். காசில்லாதவர்களுக்கு நம் ஊரே ஒரு வழி சொன்னது: மண்பானை. பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திச் சந்தை அடைத்துவிட்டால் முடிந்தது. சுட்ட மண் விறைப்பானது, எளிதில் அதிராது. உட்புறம் வளைவாக இருப்பதால் எதிரெதிர்ச் சுவர்களில் ஓசை மோதிக் குழம்புவதும் குறைவு. டீக்கடைகளிலும் சலூன்களிலும் மூலைக்கு ஒன்றாகப் பானைகள் பாடியது நினைவிருக்கிறதா? பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் காரணத்தோடுதான் அது பிழைத்தது.

இன்னொரு சூட்சுமம். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் ஒயர் மாறியிருந்தாலும் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கீழ் ஓசை மறைந்துவிடும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச் பேட்டரியை ஒயரில் தொட்டு எடுத்தால் போதும். கூம்பு வெளியே குதித்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். அந்த முனையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார்கள்.

இவ்வளவும் எதற்காக? 1978-ல் இளையராஜா இசையில் ‘பிரியா’ வந்தது. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று அதைச் சொல்வார்கள். அதுவரை ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வாத்தியங்கள் விலகி உட்கார்ந்தன. கிட்டார் ஒரு பக்கம், வயலின்கள் ஒரு பக்கம், நடுவில், ஸ்பீக்கரே இல்லாத வெற்றுச் சுவரிலிருந்து, பாடுகிறவர் குரல். எங்கள் அறையில் முதன்முதலாக அதைக் கேட்ட பெரியவர் ஒருவர், சுவருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார். கச்சேரி சபாவில் முன்வரிசை டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்கு அந்த இடம் வீட்டிலேயே கிடைத்தது.

1991-க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுப் பெயர் பொறித்த செட்டுகள் மெல்ல மெல்ல நம் கடைகளுக்கே வந்தன, விலையும் இறங்கியது. ரிச்சி தெரு கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் மாறிக்கொண்டது. ஈயம் வைத்துப் பிழைத்த மெக்கானிக்குகள் பலர் வேறு தொழில் பார்க்கப் போனார்கள்.

அந்தச் செட்டுகளின் முகப்பில் எந்தப் பெயரும் இருக்காது. செய்தவரும் கையெழுத்துப் போடவில்லை. அதனாலேயே பழைய சாமான்களோடு எடைக்குப் போய்விட்டன. ஜப்பான் செட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அசெம்பிள்ட் செட்டை வைத்திருப்பவர் அபூர்வம். பரணில் அப்படி ஒன்று கிடந்தால் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். பேரனைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டுங்கள். உள்ளே இருப்பது வெறும் ஒயரும் ஈயமும் அல்ல. இல்லாத காசில் நல்ல பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்களும் அதைச் செய்துகொடுத்தவர்களும் சேர்ந்து எழுதிய கணக்கு.