தாமதமாக வெளிப்பட்ட நிறம்

அமிலச் சாயம் என்ற பெயரைக் கேட்டவுடன், துணியை அரித்துவிடும் ஏதோவொரு திரவம் என்றே நமக்கு எண்ணத் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் பெயர் சாயத் தொட்டியிலிருந்து வந்தது. தொட்டியின் வெந்நீரில் சிறிது காடி சேர்ந்தால், கம்பளியிலும் பட்டிலும் உள்ள புரதம் நேர்மின்னேற்றம் பெறுகிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட சாயத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பருத்தி புரதமன்று, ஆகவே இச்சாயம் அதில் நிலைப்பதில்லை.

இதன் வரலாறு ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1856இல் லண்டனில், பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். குயினைன் கிடைக்கவில்லை, நிலக்கரித் தாரிலிருந்து பெறும் அனிலின், ஊதா நிறமொன்றைத் தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மஜந்தா வந்தது. மஜந்தாவிலிருந்து ஒரு நீலம் பிறந்தது. ஆனால் அந்த நீலம் சாராயத்தில் மட்டுமே கரைந்தது. சாயக்காரருக்குத் தேவை தண்ணீரில் கரையும் சாயம்.

1862இல் எட்வர்ட் நிக்கல்சன் அந்த நீலத்தைக் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்து இச்சிக்கலைத் தீர்த்தார். அமிலச் சாயங்களின் மரபு இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம். நிக்கல்சன் நீலத்தின் இயல்பு விந்தையானது. காரம் கலந்த தொட்டியில் தோய்த்தெடுத்த கம்பளியில் நிறம் ஏறியதாகவே தெரியாது. பின்னர் நீர்த்த அமிலத்தில் அமிழ்த்தும்போதுதான், உள்ளே ஒளிந்திருந்த நீலம் வெளிப்படும்.

1858இல் பீட்டர் கிரீஸ் கண்டறிந்த டயசோ வினை, ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு வழி திறந்தது. 1876இல் பிரான்சில் ரூசேன் ஆக்கிய ஆரஞ்சு அவற்றுள் புகழ்பெற்றது. காக்சினீல் பூச்சியை உலர்த்தி எடுத்த பழைய சிவப்பு, இவற்றின் முன் சந்தையை இழந்தது. 1935இல் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கினர். ஆட்டின் உடலோ பட்டுப்புழுவோ அறியாத இழை அது. எனினும் அதன் மூலக்கூறின் முனைகளிலும் புரதத்தில் உள்ளவை போன்ற அமைன் தொகுதிகள் இருந்தன. ஆகவே பழைய சாயங்கள் அதனையும் ஏற்றுக்கொண்டன.

நிறங்களின் கதையை இத்துடன் முடிப்பது நேர்மையாகாது. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரென், மஜந்தா ஆலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பையில் கட்டிகளைக் கண்டு அறிவித்தார். அவர் ஐயுற்றது அனிலினை. நாஃப்தைலமைன் என்ற இடைநிலைப் பொருள் நாய்களின் சிறுநீர்ப்பையில் புற்று உண்டாக்குவதை, 1938இல் அமெரிக்காவில் ஹியூப்பர் சோதனையில் காட்டினார். பிரிட்டன் அதனைச் சட்டத்தால் தடுத்தது 1967இல். முதல் அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே எழுபத்திரண்டு ஆண்டுகள்.

அந்நோயும் உடனே முகம் காட்டுவதில்லை. ஆலையை விட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படும். அதற்குள் தொழிலாளி வேறிடம் சென்றிருப்பார், கணக்கேட்டில் அவர் பெயர் இராது. நிக்கல்சன் நீலம் தன்னைக் காட்ட ஓர் அமிலக் குளியல் போதும். இந்த உண்மை வெளிப்படவோ இரண்டு தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சாயத்தின் வரலாற்றை எழுதுகையில், கண்டறிந்தோரின் பெயர்களோடு அந்தப் பெயரற்றோரையும் நாம் எண்ணிக்கொள்ளத்தான் வேண்டும்.