அங்கோரா முயல்: வளர்த்தவங்க ஏன் கைவிட்டாங்க?



விழா மலருக்கு ஏதாவது ஒரு தொழிலின் வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. நான் அங்கோரா முயலை எடுத்துக்கிட்டேன். நம்ம மேல்மலையில குளிர் இருக்கு, புல் இருக்கு, வீட்டை ஒட்டி இடமும் இருக்கு. அதனால "ரோம முயல் வளர்த்தா என்ன?" என்ற பேச்சு கடன் மனு எழுதும்போதெல்லாம் வருது. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் 1965-ல் இருந்து இருக்கு. அங்கே கிடைக்கும் சோவியத் சின்சில்லாவும் ஒயிட் ஜெயண்டும் கறிக்கு வளர்க்கிற முயல். ரோமத்துக்கு வளர்க்கிறது வேற இனம். அந்த இனத்தை நம்பி இறங்கினவங்க பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அங்கோரா என்பது துருக்கி நாட்டுத் தலைநகர் அங்காராவின் பழைய பெயர். அந்தப் பெயரில் ஆடு உண்டு, பூனை உண்டு, முயலும் உண்டு. இந்த முயலை 18-ம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் நாட்டில் வளர்த்திருக்காங்க. இதன் ரோம இழைக்குள்ளே சின்னச் சின்ன காற்று அறைகள் இருக்கும். அதனால ஆட்டு ரோமத்தைவிட எடை குறைவு, சூடு அதிகம். இரண்டரை மாசம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரோமம் வெட்டலாம். ஆண் முயலைவிடப் பெண் முயல்தான் கூடுதலா ரோமம் தரும்!

ஆனா வளர்ப்பது லேசு இல்லை. வாரம் தவறாமல் சீவி விடணும். விட்டால் சிக்குப் பிடித்துச் சடை விழும். மூத்திரக் கறை பட்டாலும், புல் தூசி ஒட்டினாலும் ரோமத்தின் தரம் இறங்கும், விலையும் இறங்கும். முயல் தன் உடம்பை நக்கும்போது ரோமத்தை முழுங்கிவிடும். அதுக்கு வாந்தி எடுக்க வராது. ரோமம் வயிற்றில் அடைத்தால் தீனி எடுக்காது, புழுக்கை சிறுத்துப் போகும், கவனிக்காவிட்டால் செத்துப்போகும். அதுக்காக வாரத்தில் ஒரு நாள் அடர்தீவனத்தை நிறுத்திக் காய்ந்த புல் மட்டும் போடுவாங்க. வெயிலும் ஆகாது. ரோமம் வெட்டின முதல் சில நாள் குளிரும் ஆகாது. பச்சப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்க்கணும்.

இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரி நாடுகளில் இந்த முயலைப் போட்டிக்கும் கொண்டு போறாங்க. அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் இங்கிலீஷ், பிரெஞ்ச், சாட்டின், ஜெயண்ட் என்று நாலு வகையை ஏற்றிருக்கு. மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் ரோமத்துக்குத்தான். மாதக்கணக்கில் சீவி வளர்த்த ரோமம் போட்டிக்கு முன்னால சிக்குப் பிடித்தால் வெட்டித்தான் ஆகணும். அத்தோட அந்த வருசப் போட்டி போச்சு. குட்டி போடப்போகும் முயல் தன் ரோமத்தைத் தானே பிடுங்கி கூடு கட்டும். அதனால் தாயாகிற முயலை மேடையில் நிறுத்த முடியாது. ரோமத்தை விற்கணும்னா வெட்டணும், பரிசு வேணும்னா வெட்டக் கூடாது. இரண்டையும் ஒரே முயலை வைத்துச் சாதிக்க முடியாது.

இதெல்லாம் கூண்டுக்குள்ளே வரும் கஷ்டம். அனுபவம் வந்தால் சமாளிக்கலாம். ஜனங்களைத் தொழிலை விட்டே விரட்டியது கூண்டுக்கு வெளியே வந்த கஷ்டம்தான்.

1960-கள் வரைக்கும் அங்கோரா ரோமத்தில் பிரான்ஸ்தான் முன்னால நின்னது. பிறகு சீனா குறைஞ்ச விலைக்கு ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சது. இன்றைக்கு உலகச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் இருந்து வருது. இந்த ரோமம் நாகரிக உடைக்குப் போகிற சரக்கு. ஒரு வருசம் கம்பளிச் சட்டையில் அங்கோரா வேணும்பாங்க, அடுத்த வருசம் வேண்டாம்பாங்க. அவங்க வேண்டாம்னு சொன்னாலும் முயல் தீனி தின்னாமல் இருக்காது.

நம்ம நாட்டில் இந்த முயலுக்கு ஏற்ற இடம் இமாச்சலப் பிரதேசம். அங்கே குல்லு மாவட்டம் கார்சாவில் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மன் அங்கோரா முயல்களை வரவழைத்து அங்கே பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1989-ல், நம்ம மாநிலத்தில் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. அங்கே மலைக் கிராமங்களில் பலர் பண்ணை போட்டாங்க. பிறகு சீன ரோமம் மலிவா வந்ததும் இவங்க ரோமத்துக்குக் கட்டுப்படியான விலை கிடைக்கலை. பல பண்ணைகள் மூடிப்போச்சு.

2013 நவம்பரில் இன்னொரு அடி விழுந்தது. சீனப் பண்ணைகளில் முயலுக்கு உயிர் இருக்கும்போதே ரோமத்தைப் பிடுங்குவதை 'பீட்டா' அமைப்பு படம் பிடித்து வெளியிட்டது. முயல் கதறுவதைப் பார்த்து உலகமே பதறியது. எச் அண்ட் எம் போன்ற பெரிய கடைகள் அங்கோராவையே நிறுத்தின. அந்தக் கொடுமை நிறுத்தப்பட வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனா கத்தரி வைத்துப் பதமா வெட்டி வளர்த்தவங்க ரோமத்துக்கும் அதே கதிதான். யார் எப்படி வளர்த்தாங்கன்னு எவரும் பிரித்துப் பார்க்கலை.

இதில் நமக்குப் புதுசா ஒண்ணும் இல்லை. நம்ம மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கினா விலையை நாமளா சொல்றோம்? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்த்தவங்களுக்கு நடந்ததும் இதே மாதிரிதான். பறவையைக் கொடுத்தவனேதான் திரும்ப வாங்குவதாகச் சொன்னான். அவன் விழுந்ததும் எல்லாரும் விழுந்தாங்க.

குல்லு நெசவாளர்கள் அங்கோரா ரோமத்தை ஆட்டு ரோமத்தோடு கலந்து சால்வை நெய்கிறாங்க. ரோமமாக மட்டும் விற்றால் சீனாவோடு போட்டி போடணும். நூலாக, சால்வையாக ஆக்கினால் வாங்குகிறவங்க நம்ம வாசலுக்கு வர வாய்ப்பு உண்டு. நூற்கிற கையும் நெய்கிற கையும் பக்கத்திலேயே இருக்கணும், அதுதான் முக்கியம்.

ஆகவே முயலோ, கோழியோ, காளானோ, கடன் தீர்மானம் எழுதும் முன்னால் மூணு கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பதிலையும் எழுதணும்னு கேட்டுக்கறேன். விளைந்ததை எத்தனை பேர் வாங்குவாங்க? ஆறு மாசம் விலை போகலைன்னா தீனிச் செலவுக்கு என்ன வழி? அந்தப் பொருளை நம்ம ஊரிலேயே அடுத்த நிலைக்குக் கொண்டு போக நமக்குத் தெரியுமா? பதில் இல்லைன்னா, முதலில் ரெண்டு மூணு பேர் சின்னதாகச் செய்து பார்க்கட்டும். முழுக் குழுவும் ஒரே கூண்டுக்குள்ளே போக வேண்டாம்.