மூளைக்குப் போகும் சீனி: 1976இல் எடுத்த ஒரு படத்தின் கதை



போன கிழமை சித்தாண்டியில் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஒரு மாணவி பின்னால் ஓடி வந்தாள். "சேர், எங்கட அம்மப்பா வயலுக்குப் போற வழிய மறந்து நிக்கிறார். பேய் பார்வை எண்டு சொல்றாங்க. மூளைய ஸ்கேன் எடுத்தா தெரியுமா?"

எனக்கு உம்மம்மாவின் ஞாபகம் வந்தது. சோறு தின்ற கை காயுமுன் "இன்னும் தின்னல்ல" என்று சொல்லுவா. ஜின் என்று ஓதிப் பார்த்தோம். பொய் சொல்கிறா என்று ஏசினோம், நானும்தான் ஏசினேன். அவ மௌத்தாகிப் பல வருடங்கள் கழித்துத்தான் அது ஒரு வருத்தம் என்று எனக்கு விளங்கியது.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. ஒரு காலத்தில் மூளையைப் படம் பிடிக்க, முள்ளந்தண்டு வழியாக நீரை இறக்கிக் காற்றை ஏற்றுவார்கள். நோயாளி தலையிடியால் துடிப்பார். 1971இல் இங்கிலாந்தில் முதல் நோயாளிக்கு சீ.ரீ. ஸ்கேன் எடுத்தபின் அந்தக் கொடுமை மெல்ல ஒழிந்தது. ஆனால் சீ.ரீ. காட்டுவது மூளையின் வடிவத்தை மட்டும்தான். வீட்டின் சுவர் தெரியும், உள்ளே அடுப்பு எரிகிறதா என்று தெரியாது.

மூளை நம் உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் உடலின் சக்தியில் ஐந்திலொரு பங்கை அதுவே செலவழிக்கிறது. அதன் எரிபொருள் குளுக்கோசு. அப்படியானால் குளுக்கோசு போகும் இடத்தைப் பார்த்தால் போதாதா? அமெரிக்காவின் லூயிஸ் சொக்கலோஃப் இதை முதலில் விலங்குகளில் செய்து காட்டினார். பிறகு புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் தட்சுவோ இடோ, ஜோனா ஃபவுலர், அல்பிரட் வூல்ஃப் ஆகியோர் குளுக்கோசு போன்ற ஒரு பொருளில் புளோரின்-18 என்ற கதிர்த்தொழிற்பாட்டு அணுவைப் பூட்டினார்கள். கலம் அதைச் சீனி என்று நம்பி உள்ளே எடுக்கும், ஆனால் முழுதாக எரிக்க ஏலாது. அங்கேயே தங்கி நின்று கதிர் வீசும். வெளியே இருக்கும் கருவி அந்தக் கதிரைப் பிடித்துப் படமாக்கும்.

புளோரின்-18இன் அரைவாழ்வுக் காலம் 110 நிமிடம். அதாவது இரண்டு மணித்தியாலத்துக்குள் பாதி போய்விடும். அதனால் செய்த மருந்தை விமானத்தில் ஏற்றி பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். 1976 ஆகஸ்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், ஈரானின் தப்ரீஸில் பிறந்த வைத்தியர் அப்பாஸ் அலவி அதை நோயில்லாத இரண்டு பேருக்கு ஏற்றினார். உயிரோடு இருக்கும் மனித மூளை சீனியை எடுப்பதை அன்றுதான் படமாகப் பார்த்தார்கள். இன்று பார்த்தால் அது மங்கலான படம்தான்.

பிறகு வழி திறந்தது. அல்சைமர் மறதி நோயில் மூளையின் பக்கப் பகுதிகளும் பின்மேல் பகுதியும் மங்கித் தெரிகின்றன. வலிப்பு வராத நேரத்தில்கூட, வலிப்பு கிளம்பும் இடம் பலருக்கு மங்கலாகத் தெரிகிறது. சத்திரசிகிச்சை செய்பவருக்கு அது பெரிய உதவி. 1983இல் கனடாவில் வேறொரு மருந்தைக் கொண்டு, பார்க்கின்சன் நோயில் குறையும் டோபமினோடு தொடர்பான பகுதியையும் படமெடுக்கும் வழி கண்டார்கள்.

நம் நாட்டில் பெட் ஸ்கேன் என்றதும் பலருக்கு நினைவு வருவது மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைதான். 2016இல் கதீஜா பவுண்டேஷன் அந்தக் கருவிக்காகப் பொதுமக்களிடம் பணம் சேர்த்தது. எல்லா இனத்தவரும் கொடுத்தார்கள். அது புற்றுநோயாளருக்காக வந்த கருவி, ஆனால் உள்ளே போகும் சீனி அதே சீனிதான்.

மறதி என்றவுடன் பெட் ஸ்கேனுக்கு ஓடவும் தேவையில்லை. தைரொயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு இரண்டுமே மறதியைத் தரும். இவற்றை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு. வைத்தியர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான், பிறகு சீ.ரீ. சந்தேகம் தீராவிட்டால்தான் மற்றது.

"அந்த மருந்த இங்க கொண்டு வந்து ஏத்த ஏலாதா சேர்?" என்று கேட்டாள். இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம், நாலு அரைவாழ்வு. சித்தாண்டிக்கு வந்து சேரும்போது பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

திங்கட்கிழமை அம்மப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அம்மா சம்மதித்துவிட்டாராம். நேற்று வந்து சொன்னாள்.